கிணற்றுச் சுவர் ஒன்றரை அடி உயர்ந்த கதை

தேன்மொழி, கதிர், உங்கள் இருவருக்கும் அப்பா எழுதுவது.

போன மாதம் பள்ளிக்கூடத்துப் படிவம் ஒன்றை என்னிடம் நீட்டினீர்கள். எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு 'தந்தையின் தொழில்' என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தீர்கள். "என்னன்னுப்பா எழுதறது? கெணத்த எட்டிப் பாக்குறவருன்னா?" என்று கதிர் கேட்டான். தேன்மொழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு 'களப்பணியாளர்' என்று எழுதிக் கொடுத்தேன். கோபம் ஒன்றும் இல்லை. நான் செய்கிற வேலையை உங்களிடம் உட்கார்ந்து சொன்னதே இல்லையே என்றுதான் தோன்றியது. அதனால் இதை எழுதுகிறேன். நான் நன்றாகச் செய்த வேலையைப் பற்றி எழுதியிருக்கலாம். அதைவிட, நான் தப்புச் செய்த வேலையைப் பற்றி எழுதினால்தான் உங்களுக்கு உபயோகமாக இருக்கும்.

1. டேப்பும் சாக்பீஸும்

நான் பத்தாவது வரைதான் படித்தேன். எங்கள் ஆபீஸுக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. ஊர்ப்பக்கம் 'தண்ணி ஆபீஸ்' என்றால் போதும். அரியலூர், பெரம்பலூர் இரண்டு பக்கமும் சேர்த்து என் பொறுப்பில் கொஞ்சம் கிணறுகள் இருக்கின்றன. திருமழபாடியில் கொள்ளிடக்கரைக்குப் பக்கத்தில் ஒன்று. எட்டிப் பார்த்தால் முகம் தெரியும். உடையார்பாளையத்தில் முந்திரிக்காட்டுக்குள் ஒன்று. ஒற்றையடிப் பாதையில் நடந்துதான் போக வேண்டும். பெரம்பலூர்ப் பக்கம் சோளக்காட்டுக்கு நடுவே சில. மாதம் ஒருமுறை ஒவ்வொரு கிணற்றுக்கும் போய், தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து நோட்டில் எழுத வேண்டும்.

அளப்பது இப்படி. இரும்பு டேப்பின் நுனியில் ஒரு குண்டு தொங்கும். நுனியிலிருந்து ஒரு மீட்டருக்கு சாக்பீஸ் தேய்த்து, கிணற்றுக் கைப்பிடிச் சுவரின் விளிம்பிலிருந்து உள்ளே விடுவேன். மேலே இழுத்துப் பார்த்தால் சாக்பீஸ் எதுவரை நனைந்திருக்கிறது என்று தெரியும். டேப்பில் விளிம்புக்கு நேராக நின்ற எண்ணிலிருந்து நனைந்த நீளத்தைக் கழித்தால், விளிம்பிலிருந்து தண்ணீர் வரை உள்ள தூரம் கிடைத்துவிடும். ஆனால் ஆபீஸுக்கு வேண்டியது தரையிலிருந்து உள்ள ஆழம். அதனால் அந்தத் தூரத்திலிருந்து சுவரின் உயரத்தைக் கழித்து எழுத வேண்டும்.

கழிக்க வேண்டிய உயரம் நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் மேலே எழுதியிருக்கும். புது நோட்டுப் போட்டால், பழைய நோட்டைப் பார்த்து அதை அப்படியே எழுதிக்கொள்வோம். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் செய்தார். இந்த இடத்தை மட்டும் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2. டாக்டரம்மா

ஷமீமா மேடத்தை உங்களுக்குத் தெரியும். ரம்ஜானுக்கு நம் வீட்டுக்குப் பிரியாணி கொடுத்தனுப்பியவர். லெப்பைக்குடிக்காட்டுக்காரர். அவருடைய அத்தா வளைகுடாவில் பல வருஷம் கடையில் நின்று அவரைப் படிக்க வைத்தார். நிலத்தடி நீரைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கி, எங்கள் ஆபீஸுக்கு அதிகாரியாக வந்தவர்.

அவரோடு முதன்முதலாகப் புங்கந்தோப்புக்குப் போன நாள் மறக்காது. அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற வழியில், பாதையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஊர். டாக்டரம்மா வருகிறார் என்று யாரோ சொல்லிவைக்க, பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் ஏழெட்டுப் பேர் மூட்டுவலியோடு உட்கார்ந்திருந்தார்கள். மேடம் சளைக்கவில்லை. நான் மண்ணுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் என்று சொல்லிவிட்டு, மூட்டுவலிக்காரர்களையே பக்கத்தில் உட்கார வைத்துப் பேச ஆரம்பித்தார்.

கைப்பையிலிருந்து ஒரு கல்லை எடுத்துக் காட்டினார். அதில் கிளிஞ்சல் பதிந்திருந்தது. நம் பக்கத்தில் கிணறு வெட்டினாலே இப்படிக் கல் கிடைக்கும், இந்த இடமெல்லாம் ஒரு காலத்தில் கடல் என்றார். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா கல்லை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "கடலா? அவ்ளோ தண்ணிய வச்சிருந்துட்டு, இப்ப ஒரு கொடத்துக்கு நாங்க மல்லுக்கு நிக்கிறோம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மேடம்தான் அதிகம் சிரித்தார்.

அந்த அம்மாதான் கொளஞ்சி. ஐம்பது வயசு இருக்கும். ஏரிக்குக் கீழே கொஞ்சம் நிலமும் இரண்டு மாடும் வைத்திருந்தார்.

மேடம் அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. அங்கே ஏரி நிறைந்தாலும் கிணறு நிறைவதில்லை. ஏரிக்கு அடியில் களிமண் ஒரு தட்டுப் போல நின்று தண்ணீரை இறங்க விடாமல் தடுக்கிறது என்று அவர் கண்டுபிடித்திருந்தார். ஏரிக்குள் ஆறு குழிகள் தோண்டி, களிமண்ணைத் தாண்டி இறக்கி, கல்லும் மணலும் கொட்டி நிரப்பினால் தண்ணீர் கீழே இறங்கும் என்பது அவர் யோசனை. ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க ஊர் ஒரு காரியம் செய்ய வேண்டும். ஒரு வருஷத்துக்கு யாரும் ஏரியில் மோட்டார் வைத்து இறைக்கக் கூடாது. அப்படியென்றால் ஏரிக்குக் கீழே இருக்கிற காடுகளில் அந்த வருஷம் ஒரு போகச் சோளம் இல்லை.

கொளஞ்சி கேட்டார்:

"ஏம்மா, ஓட்டய போட்டுட்டு, ஏரித் தண்ணியும் போயி கெணத்துத் தண்ணியும் ஏறலன்னா?"

"ஏறும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்மா" என்றார் மேடம். "ஒரு வருஷம் அளப்போம். ஏறலன்னா, ஏறலன்னு இதே எடத்துல வந்து நின்னு நானே சொல்றேன்."

இந்த மாதிரிப் பேசின ஆபீஸரை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை போல. ஒத்துக்கொண்டார்கள். ஏரியில் ஆறு குழியும் போட்டாயிற்று. கொளஞ்சியும் அந்த வருஷம் சோளம் போடவில்லை.

ஒரு ஊரை மட்டும் அளந்தால் போதாது என்றார் மேடம். குழி போடாத இன்னொரு ஊரையும் சேர்த்து அளந்தால்தான், மாற்றம் மழையால் வந்ததா குழியால் வந்ததா என்று தெரியும். அதற்காக, அதே மாதிரி மண்ணும் அதே மாதிரி ஏரியும் உள்ள செம்மண்மேட்டுக் கிணற்றை எடுத்துக்கொண்டோம். இரண்டையும் நான்தான் அளந்தேன். இந்த எண்களைப் பார்த்துத்தான், குழி போடும் முறையை மற்ற ஊர்களுக்குக் கொண்டு போவதா வேண்டாமா என்று கலெக்டர் முடிவு செய்வதாக இருந்தது.

3. "நோட்டா தண்ணி எறைக்குது?"

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஏரி பாதிகூட நிறையவில்லை. கோடையில் மேடம் என் நோட்டை வாங்கிக் கணக்குப் போட்டார். போன கோடையைவிட இந்தக் கோடையில் செம்மண்மேட்டில் தண்ணீர் ஒன்றரை அடி போல இறங்கியிருந்தது. புங்கந்தோப்பிலும் ஒன்றரை அடி போல இறங்கியிருந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. குழி வேலை செய்யவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம்.

மேடம் இரண்டு நாள் அந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். பிறகு, கலெக்டர் கூட்டத்துக்கு முன்னால் ஊரில் போய்ச் சொல்லிவிடலாம், வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றார்.

போய் நின்றோம். மேடம் சுற்றி வளைக்காமல் சொன்னார். நீங்கள் விட்டுக்கொடுத்ததற்குப் பலன் கிடைக்கவில்லை, என் யோசனை தப்பாகப் போய்விட்டது என்றார். பஞ்சாயத்துத் தலைவர் தலையைக் குனிந்துகொண்டார். பின்னால் ஒருவர், சோளமும் போச்சு என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

கொளஞ்சி எழுந்தார்.

"தண்ணி எறங்கிருச்சுன்னு யாரும்மா சொன்னா?"

"நோட்டுல இருக்கும்மா. மாசாமாசம் அளந்திருக்கோம்."

"நோட்டா தண்ணி எறைக்குது? நான் எறைக்கிறேன். என் கயிறு சொல்லுது, எறங்கலன்னு."

சிலர் சிரித்தார்கள். நானும் உள்ளுக்குள் சிரித்தேன் என்பதை உங்களிடம் மறைக்கவில்லை. மேடம் சிரிக்கவில்லை. "வாங்க, காட்டுங்க" என்று எழுந்துவிட்டார்.

எல்லோரும் கிணற்றடிக்குப் போனோம். குழாயில் தண்ணீர் வராத நாளில் ஊர் இன்னும் அந்தக் கிணற்றில்தான் சேந்துகிறது. இரண்டு கல்தூணுக்கு நடுவே ராட்டினம். கொளஞ்சி வாளியை இறக்கினார். வாளி தண்ணீரைத் தொட்டதும் கயிற்றில் ஒரு முடிச்சு சரியாக ராட்டினத்துக்கு வந்து நின்றது.

"போன கோடையில போட்ட முடிச்சு இது. மழ இல்லாத வருஷமெல்லாம் கயித்துக்கு ஒட்டுப் போடணும். இந்த வருஷம் நான் ஒட்டே போடல."

மேடம் விடாமல் கேட்டார். கயிற்றை மாற்றினீர்களா, ராட்டினத்தை மாற்றினீர்களா, தூண் அதேதானா என்றார். எதுவும் மாறவில்லை. "சேகர் அண்ணே, இன்னொரு தடவ அளங்க" என்றார். அளந்தேன். சுவர் உயரத்தைக் கழித்தேன். நோட்டில் இருந்த அதே எண் வந்தது.

"அப்ப ஒண்ணு, தம்பியோட டேப்பு பொய் சொல்லணும். இல்ல, என் கயிறு பொய் சொல்லணும்" என்றார் கொளஞ்சி. "என் கயிறு படிக்காதது. அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டே சுவரில் சாய்ந்தேன். சுவர் என் நெஞ்சில் இடித்தது.

போன வருஷம் அந்தச் சுவர் என் தொடை உயரம்தான் இருந்தது.

4. சந்தோஷப்பட்ட முதுகு

நடந்தது இதுதான். போன கோடை அளவு எடுத்து முடிந்த கொஞ்ச நாளில், அந்தக் கிணற்றில் ஒரு ஆடு விழுந்துவிட்டது. பிள்ளைகள் விழுந்தால் என்ன ஆவது என்று பஞ்சாயத்தில் இரண்டு வரிசை கல் வைத்துச் சுவரை உயர்த்தினார்கள். ஒன்றரை அடி. அதற்கு அடுத்த மாதம் நான் அளக்கப் போனபோது கொத்தனார் பூச்சு வேலையை முடித்துவிட்டுக் கரண்டி கழுவிக்கொண்டிருந்தார். "இனிமே குனிய வேண்டாண்ணே, நின்னுக்கிட்டே அளக்கலாம்" என்றார். உண்மைதான். அன்றிலிருந்து எனக்கு முதுகு வலிக்கவில்லை. நான் அவருக்கு நன்றிகூடச் சொன்னேன். முதுகு சந்தோஷப்பட்டதைத் தவிர எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

நோட்டில் மேலே எழுதியிருந்த பழைய உயரத்தையே பதினோரு மாதமும் கழித்துக்கொண்டிருந்தேன். சுவர் உயர்ந்த ஒன்றரை அடியைத் தண்ணீர் இறங்கிய ஒன்றரை அடியாக எழுதிவைத்திருந்தேன்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அங்கே வாய் திறக்கவில்லை. ஊரே நின்றுகொண்டிருந்தது. என் கை டேப்பின் மேலேயே இருந்தது. யோசித்துப் பார்க்கலாம் என்று மேடம் சொன்னதும் முதல் ஆளாக ஜீப்பில் போய் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் சிமெண்ட் லாரிகள். மேடம் ஜன்னல் பக்கம் திரும்பியபடி, கயிறு நீண்டிருக்குமோ, நைலான் கயிறு எவ்வளவு நீளும் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டே வந்தார். நான் லாரிகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆபீஸில் எனக்கு மேலே இருந்த ஒரு சாரிடம் முதலில் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னார்.

"சேகரு, இத இப்ப வெளிய சொன்னா ஒன்ன வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. அடுத்த மாசம் ஒன்னோட ஆர்டர் புதுப்பிக்கணும், ஞாபகம் இருக்கா? பேசாம இரு. இனிமே புது ஒசரத்தப் போட்டு எழுதிக்க. யாரு போயி செவுத்த அளக்கப் போறா?"

என் வேலை நிரந்தரம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். வருஷா வருஷம் உத்தரவு வந்தால்தான் உண்டு. அன்று சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அம்மா குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டார், பிறகு ஒன்றே ஒன்று சொன்னார்.

"அந்தப் பொண்ணு கலெக்டர் முன்னாடி நின்னு, நான் தோத்துட்டேன்னு சொல்லப் போவுது. நீங்க பின்னாடி ஃபைல புடிச்சுக்கிட்டு நிக்கப் போறீங்களா?"

5. மேடம் சொன்னது

மறுநாள் காலை மேடம் வருவதற்கு முன்பே அவர் அறை வாசலில் நின்றேன். அவர் பையை இறக்குவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஆடு விழுந்தது, கொத்தனார், என் முதுகு எல்லாம்.

மேடம் பையை மேசைமேல் வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"அண்ணே, அந்தக் கெணத்துக்கு நானும் நாலஞ்சு தடவ வந்திருக்கேன். அந்தச் சுவத்துல சாஞ்சு நின்னு டீ குடிச்சிருக்கேன். நான் டாக்டர் பட்டம் வாங்கினவ. எனக்கும் தோணலயே."

பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கணக்கைத் திரும்பப் போட்டார். சரியான உயரத்தைக் கழித்தால், புங்கந்தோப்பில் தண்ணீர் இறங்கவே இல்லை. மழை இல்லாத வருஷத்தில், செம்மண்மேட்டில் இறங்கிய தண்ணீர் இங்கே அப்படியே நின்றிருக்கிறது. கயிறு சொன்னது சரி.

நான் மூச்சு விட்டேன். ஆனால் மேடம் பேனாவை மூடி வைத்துவிட்டார். "இப்பதான் கஷ்டம்" என்றார். நேற்று வரை தோல்வி என்று சொல்லிவிட்டு, கூட்டத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது எண்ணைத் திருத்தி வெற்றி என்று கொண்டு போனால் யார் நம்புவார்கள்? வேண்டுமென்றே திருத்தினோம் என்பார்கள். அதில் நியாயமும் இருக்கிறது என்றார். அதனால் இரண்டு காரியம் செய்ய வேண்டும். சுவர் எப்போது, எவ்வளவு உயர்ந்தது என்பதற்கு நம் வாயைத் தவிர வேறு சாட்சி வேண்டும். அடுத்தது, செம்மண்மேட்டுச் சுவரையும் அளக்க வேண்டும்.

இரண்டாவதை நான் எதிர்பார்க்கவில்லை. அந்தச் சுவரும் மாறியிருந்தால், அந்தக் கணக்கும் தப்பு. இப்போது கிடைத்த நல்ல சேதியும் கையை விட்டுப் போய்விடும். அதை அளக்காமல் விட்டால் யாருக்கும் தெரியாது. மேடம்தான் அளந்தே ஆக வேண்டும் என்றார். "நமக்குப் புடிக்காத எண்ண மட்டும் ரெண்டாவது தடவ சரிபாத்தா, அது ஆராய்ச்சி இல்லண்ணே" என்றார்.

அன்றைக்கே செம்மண்மேட்டுக்குப் போனோம். சுவரின் நான்கு பக்கமும் டேப்பை நிறுத்தி வைத்து அளந்தேன். மேடம் கண்ணை என் விரலிலிருந்து எடுக்கவில்லை. நோட்டில் இருந்த உயரமேதான். பூச்சுக்கூடப் பழையது, பாசி பிடித்திருந்தது. மேடம் மெதுவாக, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். நான் அந்த எண்ணைத் தேதி போட்டு நோட்டில் எழுதிக்கொண்டேன்.

புங்கந்தோப்பில் சாட்சி தேட வேண்டியிருக்கவில்லை. கொத்தனார் ஈரப் பூச்சில் ஆணியால் தன் பெயரையும் தேதியையும் கிறுக்கிவைத்திருந்தார். பூச்சு உடைந்த ஒரு மூலையில், பழைய விளிம்பில் அளக்கும் இடத்தைக் காட்ட நாங்கள் முன்பு அடித்த சிவப்புப் பெயிண்ட் அம்பு எட்டிப் பார்த்தது. அந்த அம்பிலிருந்து புது விளிம்பு வரை அளந்து, தலைவரிடம் கையெழுத்து வாங்கினோம். ஊர்க்காரர்கள் சுற்றி நின்றார்கள். நான் அவர்களிடம், தப்பு என்னுடையது, சுவர் உயர்ந்ததைக் கணக்கில் எடுக்கவில்லை என்று சொன்னேன்.

கொளஞ்சி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒண்ணர அடிச் செவுரு கண்ணுக்குத் தெரியல. முப்பதடி ஆழத்துல இருக்குற தண்ணி மட்டும் தெரியுதாக்கும்."

அன்று அந்த ஊரே சிரித்த சிரிப்பை நான் வாங்கித்தான் ஆக வேண்டும். வாங்கினேன்.

6. கலெக்டர் கூட்டம்

கூட்டத்துக்குத் தலைவரும் கொளஞ்சியும் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். பெரிய ஹால். ஏ.சி. குளிரில் கொளஞ்சி முந்தானையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பின்வரிசையில் ஃபைலோடு நின்றேன்.

மேடம் எழுந்ததும் முடிவைச் சொல்லுவார் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவர் முதலில் தப்பைச் சொன்னார். எந்த எண் தப்பு, எப்படித் தப்பானது, எத்தனை மாதம், எதை வைத்துக் கண்டுபிடித்தோம் எல்லாம். என் பெயரைச் சொல்லவில்லை. "எங்கள் அளவில்" என்றுதான் சொன்னார். அதன் பிறகுதான் திருத்திய கணக்கைக் காட்டினார். அதிலும், இது ஒரு கிணறு, ஒரு வருஷம், இதை வைத்து எல்லா ஊருக்கும் குழி போடச் சொல்ல மாட்டேன் என்றார்.

கலெக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அளந்தது யாரு?"

என் கால் தானாக முன்னால் நடந்தது. "நான்தான் சார்."

"பதினோரு மாசம் தப்பா எழுதியிருக்கீங்க. இப்ப எழுதுனது மட்டும் சரின்னு நான் எப்படி எடுத்துக்கிறது?"

மூன்று நாளாக மனசுக்குள் தயார் செய்துவைத்திருந்த பதிலை விட்டுவிட்டேன். "நான் சொல்றத எடுத்துக்க வேண்டாம் சார். அந்த ஊர்ல ஒரு கயிறு இருக்கு. அது எனக்கு எதிரா சாட்சி சொன்னதாலதான் எனக்கே தெரிஞ்சுது" என்றேன்.

ஹாலில் சலசலப்பு. அப்போது பக்கத்திலிருந்து கொளஞ்சி எழுந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

"தம்பி தண்ணிய சரியாத்தாங்க அளந்தாரு. செவுத்தத்தான் மறந்துட்டாரு. ஒசத்துனவுங்க நாங்க, நாங்களும் ஆபீசுக்குச் சொல்லலீங்க. சொல்லணும்னே தெரியாதுங்க."

கலெக்டர் அவரை உட்காரச் சொல்லவில்லை. கயிற்றைப் பற்றிக் கேட்டார். முடிச்சு, ஒட்டு, ராட்டினம் என்று கொளஞ்சி கையால் அளந்து அளந்து காட்டி விளக்கினார். நிறைய நேரம் கேட்டார்கள். படித்த அதிகாரிகள் சிலர் எழுதிக்கொண்டதையும் பார்த்தேன்.

முடிவு என்ன ஆனது என்று கேட்பீர்கள். மாவட்டம் முழுவதும் குழி போடவில்லை. இன்னும் இரண்டு ஊரில் போட்டு, இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாம் என்றார்கள். மேடம் கேட்டதும் அதுதான். அதோடு இரண்டு வேலை சேர்ந்தது. வருஷத்துக்கு ஒருமுறை எல்லாக் கிணற்றுச் சுவரையும் புதிதாக அளந்து எழுத வேண்டும், பழைய நோட்டைப் பார்த்து எழுதக் கூடாது. சோதனை நடக்கும் ஊர்களில் நாங்கள் அளக்கும்போது ஊர்க்காரர் ஒருவர் கூடவே நின்று அளவைப் பார்த்து, கிணற்றடிப் பலகையில் எழுத வேண்டும். புங்கந்தோப்பில் அது கொளஞ்சி. எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும், எண் சரியாக இருக்கும்.

விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. ஒரு பக்கத்தில் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். வேலை உத்தரவு இரண்டு மாதம் தாமதமாக வந்தது. அந்த இரண்டு மாதமும் உங்கள் அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. வந்துவிட்டது.

பிள்ளைகளே, இதிலிருந்து நான் தெரிந்துகொண்டது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. எதை அளக்கிறோமோ அதையே பார்த்துக்கொண்டிருப்போம். எங்கே நின்றுகொண்டு அளக்கிறோம் என்பதைப் பார்க்க மாட்டோம். காலுக்குக் கீழே இருப்பது மாறாது என்று நினைத்துக்கொள்கிறோம். பரீட்சையிலும் சரி, ஒரு மனுஷனைப் பற்றி முடிவுக்கு வரும்போதும் சரி, முதலில் அதை ஒருமுறை பாருங்கள். தப்பு என்று தெரிந்தால், அது நமக்கு லாபமாக இருந்தாலும் நஷ்டமாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள். சொன்ன நேரம்தான் கஷ்டம். அதற்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிடலாம்.

இன்னும் ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. மேடத்துக்கும் தெரியாது.

கூட்டம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன் இல்லையா, அன்று நான் செம்மண்மேட்டுக்குப் பஸ் ஏறினேன். உச்சி வெயில். கிணற்றடியில் ஒருவரும் இல்லை. அந்த ஊரில் வீட்டுக்கு வீடு போர் போட்டுவிட்டார்கள். கிணற்றில் சேந்துகிறவர்கள் குறைவு. ராட்டினமும் கயிறும் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. நான் அங்கே வந்து அளந்த அத்தனை மாதத்தில் யாரும் பக்கத்தில் வந்து, தம்பி உன் அளவு தப்பு என்று சொன்னதில்லை. சொல்லவும் ஆள் இல்லை.

சுவரை அளந்தேன். அதே உயரம். வாளியை மெதுவாக இறக்கினேன். அது தண்ணீரைத் தொட்டதும் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ராட்டினத்துக்கு நேராக வந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டேன்.